வேரியன்ஸ் மைனஸில் வருமா, வராதா?

உங்கள் கேள்வியில் இரண்டு கேள்விகள் இருக்கின்றன. பெங்களூர் ஒயிட்ஃபீல்டில் இருக்கும் உங்கள் அலுவலகத்தில் மாதக் கடைசி ரிவ்யூ. ஃபைனான்ஸ்காரர் “இந்த மாசம் வேரியன்ஸ் மைனஸ் 4 லட்சம்” என்கிறார். டேட்டா டீமில் ஒருவர் “வேரியன்ஸ் எப்படிங்க மைனஸ்ல வரும்?” என்று சிரிக்கிறார். இருவரில் யார் சரி என்பது முதல் கேள்வி. அதே நேரம் பெங்களூர்த் தமிழர் வாட்ஸப் குழு ஒன்றில், தமிழ் ‘வேறு’தான் ஆங்கிலத்தில் ‘வேரி’ (மாறு) ஆகி, ‘வேரியன்ஸ்’ ஆனது என்று ஒரு ஃபார்வேர்டு வந்திருக்கிறது. அது உண்மையா என்பது இரண்டாவது.

சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். இருவருமே சரி. கணக்காளரின் வேரியன்ஸும் புள்ளியியலின் வேரியன்ஸும் ஒரே சொல்தான், ஆனால் நூறு ஆண்டுகளுக்கு முன்பு புள்ளியியல் அதை எடுத்துத் தனக்கென்று ஒரு பொருளை வரையறுத்துக்கொண்டது. வாட்ஸப் செய்தி தவறு. விரிவாகப் படிக்க நேரமில்லாதவர்கள் ஒன்றை மட்டும் வைத்துக்கொள்ளலாம்: வேரியன்ஸ் என்று யாராவது சொன்னால் “எதிலிருந்து?” என்று கேளுங்கள். கணக்காளருக்குப் பட்ஜெட்டிலிருந்து, புள்ளியியலாருக்குச் சராசரியிலிருந்து, வக்கீலுக்குப் பிராதில் எழுதியதிலிருந்து, அமெரிக்க நகரத் திட்டமிடலில் சட்டவிதியிலிருந்து. இந்தச் சொல்லின் பெரும்பாலான பயன்பாடுகளில் அசையாமல் நிற்கும் ஒன்றும், அதிலிருந்து விலகும் ஒன்றும் இருக்கும். அந்த அசையாத ஒன்று எது என்று தெரியாததால்தான் உங்கள் ரிவ்யூவில் சிரிப்பு வந்தது.

முதலில் வாட்ஸப்பை முடித்துவிடுவோம். ஒலி ஒத்துப்போவது மட்டும் சொல்லுறவுக்குச் சான்று ஆகாது. சொல் கடந்துவந்த பாதை தெரிய வேண்டும். கட்டுமரம் ஆங்கிலத்தில் ‘கேட்டமரான்’ ஆனது என்று உறுதியாகச் சொல்ல முடிகிறது. காரணம், 17ஆம் நூற்றாண்டில் நம் கடற்கரைக்கு வந்தவர்கள் அந்தப் பொருளைப் பார்த்து, அந்தப் பெயரை எழுதி வைத்திருக்கிறார்கள். ‘வேரி’க்கு அப்படிப்பட்ட பாதை இந்தியப் பக்கம் இல்லை, லத்தீன் பக்கம் இருக்கிறது. அதைவிட வலுவான ஆதாரம் உயிரொலி. லத்தீன் மூலச்சொல் ‘வேரியுஸ்’ அல்ல. அதில் இருப்பது குறில் அகரம். பழைய ரோமானிய உச்சரிப்பை நம் எழுத்தில் எழுதினால் ‘வரியுஸ்’ என்பதற்குப் பக்கத்தில் வரும். பிரெஞ்சில் இன்றும் ‘வாரியே’தான். ஆங்கிலத்தில் முதலில் அந்த ஆகார ஒலியே இருந்தது. 15ஆம் நூற்றாண்டு தொடங்கி இரண்டு மூன்று நூற்றாண்டுகளில் ஆங்கில நெட்டுயிர்கள் இடம் மாறின. ‘நாமெ’ என்று இருந்தது ‘நேம்’ ஆனதுபோல, ‘வா’ என்று இருந்தது ‘வே’ ஆனது. ஆக, ‘வேறு’வுக்கும் ‘வேரி’க்கும் இடையே கேட்கும் ஒற்றுமை இங்கிலாந்தில் பிற்காலத்தில் தற்செயலாக அமைந்தது. இரண்டு சொற்களையும் மூல வடிவில் பக்கத்தில் வைத்தால் அந்த ஒற்றுமை போய்விடும்.

‘வேறு’வின் உறவினர்களைத் தேட லண்டன் போகவும் வேண்டாம். பெங்களூரில் தினமும் காதில் விழும் ‘பேரெ’ அதுதான். கடையில் “பேரெ கொடி” என்றால் வேறு கொடுங்கள் என்று பொருள். தமிழில் சொல்முதலில் வரும் வகரம் கன்னடத்தில் பகரமாக நிற்பது ஒழுங்கான விதி: வா–பா, வேர்–பேரு, வில்–பில்லு, வேண்டும்–பேக்கு. பழங்கன்னடத்தில் ‘பேறெ’ என்று வல்லின றகரமே இருந்தது; பிறகு அந்த எழுத்து வழக்கொழிந்தது. தெலுங்கில் ‘வேரு’. தமிழிலும் அந்த றகரம் இரட்டித்து ‘வேற்று’, ‘வேற்றுமை’ என்று வரும். சாதாரண ரகரம் அப்படி இரட்டிக்காது. இப்படி விதிப்படி ஒத்துப்போகும் வரிசை இருந்தால்தான் உறவு என்று சொல்ல முடியும். பேரெ–வேறு உறவு உறுதியானது. வேரி–வேறு ஒலிப் பொருத்தம், அவ்வளவுதான்.

இனி லத்தீன் கதை. அந்த மூலச்சொல்லுக்கு ‘பல வண்ணமான, புள்ளிபுள்ளியான’ என்பது ஒரு பொருள். ‘மாறிக்கொண்டே இருக்கிற, ஒரே மாதிரி இல்லாத’ என்பது இன்னொன்று. அதிலிருந்து வந்தவைதான் வெரைட்டி, வேரியஸ், வேரியபிள், வேரியண்ட் எல்லாம். பெரியம்மைக்கு மருத்துவர்கள் வைத்த ‘வேரியோலா’ என்ற பெயரும் இதிலிருந்தே வந்தது என்பார்கள். இதில் மட்டும் கொஞ்சம் நிதானம் வேண்டும்: பரு என்று பொருள்படும் இன்னொரு லத்தீன் சொல்லும் ஏறக்குறைய அதே வடிவில் இருக்கிறது. வேரியோலா எதிலிருந்து வந்தது என்பதில் அறிஞர்கள் இரண்டாகப் பிரிந்து நிற்கிறார்கள். லத்தீன் சொல்லுக்கும் முந்திய வேர் எது என்பதை அகராதிகளே ‘இருக்கலாம்’ என்ற அடையோடுதான் தருகின்றன. லத்தீனிலிருந்து பழைய பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்கு வந்தது என்பது வரை சந்தேகமில்லை.

ஆங்கிலத்தில் ‘வேரியன்ஸ்’ 14ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியிலிருந்து எழுத்தில் கிடைக்கிறது. அப்போதைய பொருள் மாறும் தன்மை, நிலையாமை. கொஞ்ச காலத்திலேயே, 15ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில், இன்னொரு பொருள் சேர்கிறது: இருவருக்கிடையே ஒத்துப்போகாமை, பூசல். தமிழ்க் கிறிஸ்தவர்களுக்கு இந்தப் பொருளைக் காட்டுவது எளிது. 1611இல் வந்த ஆங்கில விவிலியத்தில் மத்தேயு 10:35இல் தகப்பனுக்கும் மகனுக்கும் இடையே ‘வேரியன்ஸ்’ உண்டாக்க வந்தேன் என்று இருக்கிறது. பழைய தமிழ் மொழிபெயர்ப்பு அங்கே ‘பிரிவினை’ என்கிறது. கலாத்தியர் 5:20இல் மாம்ச கிரியைகளின் பட்டியலில் அதே ஆங்கிலச் சொல் வருகிறது; தமிழில் ‘விரோதங்கள்’. ஆக, நானூறு ஆண்டுகளுக்கு முன்பு வேரியன்ஸ் என்றால் எண் நினைவுக்கு வராது, சண்டை நினைவுக்கு வரும். அந்தப் பொருளின் மிச்சம்தான் இன்றும் ஆங்கில நாளிதழ்களில் வரும் ‘அட் வேரியன்ஸ் வித்’ என்ற தொடர். எழுதும்போது ‘அட்’ என்பதையே பயன்படுத்துங்கள். பலர் ‘இன்’ போடுகிறார்கள், அது வழக்கில் இல்லை.

இந்தச் சொல்லை முதலில் கறாரான கலைச்சொல்லாக ஆக்கியவர்கள் வக்கீல்கள். ஒத்துப்போக வேண்டிய இரண்டு ஆவணங்கள் ஒத்துப்போகாவிட்டால், அல்லது பிராதில் சொன்னதும் சாட்சியத்தில் நிரூபித்ததும் வெவ்வேறாக இருந்தால், அது வேரியன்ஸ். பழைய ஆங்கிலேய நீதிமன்றங்களில் பெயரில் ஓர் எழுத்துப் பிசகோ தொகையில் ஒரு மாறுபாடோ இருந்தாலே வழக்கு விழுந்துவிடும். 19ஆம் நூற்றாண்டில்தான், முக்கியமாக 1852ஆம் ஆண்டுச் சட்டத்தால், திருத்திக்கொள்ள நீதிபதிகளுக்குத் தாராளமான அதிகாரம் வந்தது. இந்தியாவில் 1908ஆம் ஆண்டு உரிமையியல் நடைமுறைச் சட்டத்தின் 6ஆவது ஆணை இந்த இரண்டு பக்கத்தையும் வைத்திருக்கிறது: 7ஆவது விதிப்படி முன்பு சொன்னதற்கு முரணாகப் புதிய கதை சொல்லக்கூடாது, 17ஆவது விதிப்படி நீதிமன்ற அனுமதியோடு திருத்தலாம். குற்ற வழக்குத் தீர்ப்புகளில் அடிக்கடி வரும் தொடர், மருத்துவச் சான்று கண்ணால் கண்ட சாட்சிக்கு ‘அட் வேரியன்ஸ்’ என்பது. அப்படி வரும்போது பொதுவாகக் கண்ட சாட்சிக்கே எடை அதிகம்; சாட்சி சொல்வது நடந்திருக்கவே முடியாது என்று மருத்துவம் காட்டினால்தான் நிலை மாறும். இது சொல்லின் பொருளை விளக்கத்தான். உங்களுக்கு வழக்கு இருந்தால் வக்கீலைப் பாருங்கள்.

கணக்கியலுக்கு வருவோம், உங்கள் கேள்வியின் பாதி அங்கேதான் இருக்கிறது. ஒரு பொருளைச் செய்ய எவ்வளவு ஆக வேண்டும் என்று முன்கூட்டியே ஒரு தரநிலைச் செலவை வைத்து, நடந்த செலவை அதோடு ஒப்பிடும் முறை 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அமெரிக்கத் தொழிற்சாலைகளில் வளர்ந்தது. ஜி. சார்ட்டர் ஹாரிசன் 1918ஐ ஒட்டி எழுதிய கட்டுரைகளில் இதற்கான சமன்பாடுகள் வந்தன. திட்டத்துக்கும் நடப்புக்கும் உள்ள இடைவெளிதான் இங்கே வேரியன்ஸ். இது வெறும் கழித்தல். எனவே மைனஸில் தாராளமாக வரும்.

ஆனால் மொத்தக் கழித்தலோடு நின்றால் வேலை முடியாது. உதாரணத்துக்கு ஒரு இட்லி மாவு யூனிட். ஒரு பேட்ச்சுக்கு 200 கிலோ அரிசி, கிலோ 40 ரூபாய், ஆக 8,000 ரூபாய் என்பது ஸ்டாண்டர்ட். உண்மையில் 210 கிலோ செலவாகி, கிலோ 38 ரூபாய்க்கு வாங்கியிருக்கிறார்கள், 7,980 ரூபாய். மொத்த வேரியன்ஸ் 20 ரூபாய், சாதகம். ரிப்போர்ட்டில் இந்த 20ஐப் பார்த்து எல்லோரும் அடுத்த வரிக்குப் போய்விடுவார்கள். பிரித்துப் பாருங்கள். விலை வேரியன்ஸ்: கிலோவுக்கு 2 ரூபாய் மிச்சம், வாங்கிய 210 கிலோவால் பெருக்கினால் 420 ரூபாய் சாதகம். பயன்பாட்டு வேரியன்ஸ்: 10 கிலோ கூடுதல், ஸ்டாண்டர்ட் விலையான 40ஆல் பெருக்கினால் 400 ரூபாய் பாதகம். பர்ச்சேஸ் டிபார்ட்மெண்ட் மலிவாகக் குருணை கலந்த அரிசியை வாங்கி நல்ல பெயர் எடுத்திருக்கலாம்; மாவு அரைக்கும் இடத்தில் கழிவு ஏறி, சூப்பர்வைசர் திட்டு வாங்கியிருப்பார். இரண்டும் சேர்ந்து 20 ரூபாயாகச் சுருங்கி மறைந்துவிட்டன. விலை வேரியன்ஸில் உண்மை அளவும் பயன்பாட்டு வேரியன்ஸில் ஸ்டாண்டர்ட் விலையும் போட வேண்டும் என்பதைக் கவனியுங்கள். ஒன்றை மட்டும் மாற்றிப் போட்டால் இரண்டின் கூட்டல் மொத்தத்தோடு ஒட்டாது. தேர்விலும் அலுவலகத்திலும் நடக்கும் பிழை இது.

குறி விஷயத்தில் இன்னொரு சிக்கல். விற்பனையில் நடப்பு பட்ஜெட்டைவிடக் கூடினால் நல்லது. செலவில் கூடினால் கெட்டது. ரிப்போர்ட்டின் இந்த இரண்டு வரிக்கும் ஒரே மாதிரி ‘நடப்பு கழித்தல் பட்ஜெட்’ என்று போட்டால், மைனஸ் ஓரிடத்தில் கெட்ட செய்தியாகவும் மற்றோர் இடத்தில் நல்ல செய்தியாகவும் வரும். அதனால்தான் கணக்காளர்கள் குறியை நம்பாமல் ‘ஃபேவரபிள்’, ‘அட்வெர்ஸ்’ என்று எழுதுகிறார்கள். அமெரிக்க நிறுவனங்களில் ‘அன்ஃபேவரபிள்’. உங்கள் ஃபைனான்ஸ்காரரின் மைனஸ் 4 லட்சம் எந்த வரியில் இருந்தது என்பது தெரியாமல் அதற்குப் பொருளே இல்லை. ஃபேவரபிள் என்றால் மகிழ்ச்சி அடையவும் வேண்டியதில்லை. ஜெனரேட்டர் சர்வீஸைத் தள்ளிப்போட்டாலும், ஆள் எடுக்க வேண்டிய இடத்தைக் காலியாக வைத்தாலும் அந்த மாத வேரியன்ஸ் சாதகமாகத்தான் தெரியும். சதவீதத்தில் சொல்லும்போது பட்ஜெட் எண்தான் கீழே வர வேண்டும். பட்ஜெட் பூஜ்யமாகவோ நஷ்டமாகவோ இருந்த வரியில் சதவீதம் போடவே கூடாது. எக்ஸெல் ஏதோ ஓர் எண்ணைக் கொடுக்கும், அதை நம்பி ஸ்லைடில் போட்டுவிடுவார்கள்.

இப்போது உங்கள் டேட்டா டீம் ஆளின் பக்கம். புள்ளியியலில் இந்தச் சொல்லுக்குப் பிறந்த தேதியே உண்டு. 1918இல் ஆங்கிலேயப் புள்ளியியலாளர் ரொனால்டு ஃபிஷர் எடின்பரோ ராயல் சொசைட்டியின் இதழில் ஒரு கட்டுரை வெளியிட்டார். உறவினர்களிடையே உயரம் போன்ற அளவுகள் ஏன் ஒத்துப்போகின்றன, அதை மெண்டலின் மரபியலால் விளக்க முடியுமா என்பது அதன் பொருள். எண்கள் சராசரியிலிருந்து எவ்வளவு சிதறியிருக்கின்றன என்று காட்டும் திட்ட விலக்கம் அதற்கு முன்பே இருந்தது. 1890களில் கார்ல் பியர்சன் வைத்த பெயர். அதன் வர்க்கத்தையும் அளவீட்டுப் பிழைகளை ஆராய்ந்தவர்கள் பயன்படுத்திக்கொண்டுதான் இருந்தார்கள். ஃபிஷர் செய்தது, அந்த வர்க்கத்தைத்தான் மாறுபாட்டின் அளவாகக் கொள்ள வேண்டும் என்று சொல்லி, அதற்கு ‘வேரியன்ஸ்’ என்று பெயர் வைத்தது. தமிழ்நாட்டுப் பள்ளிப் புத்தகத்தில் ‘விலக்க வர்க்கச் சராசரி’ என்று படித்திருப்பீர்கள். வாயில் நுழையச் சிரமமான பெயர்தான், ஆனால் செய்முறை முழுவதும் அந்தப் பெயருக்குள்ளேயே இருக்கிறது: விலக்கம், அதன் வர்க்கம், அவற்றின் சராசரி.

கணக்கில் பார்த்துவிடலாம். வேலைக்குப் போகும் நேரம், ஐந்து நாள், நிமிடங்களில். மெட்ரோவில் போகிறவருக்கு 58, 60, 62, 59, 61. சில்க் போர்டு சந்திப்பு வழியாக பஸ்ஸில் போகிறவருக்கு 40, 80, 60, 45, 75. இருவருக்கும் சராசரி 60தான். மெட்ரோக்காரரின் விலக்கங்கள் மைனஸ் 2, 0, 2, மைனஸ் 1, 1. வர்க்கங்களைக் கூட்டினால் 10. ஐந்தால் வகுத்தால் வேரியன்ஸ் 2. பஸ்காரருக்கு விலக்கங்கள் மைனஸ் 20, 20, 0, மைனஸ் 15, 15, வர்க்கங்களின் கூட்டல் 1,250, வேரியன்ஸ் 250. எதை வர்க்கப்படுத்தினாலும் மைனஸ் போய்விடும், எனவே இந்த வேரியன்ஸ் பூஜ்யத்துக்குக் கீழே இறங்காது. எல்லா நாளும் ஒரே நேரமென்றால் பூஜ்யம். உங்கள் நண்பர் சிரித்ததற்குக் காரணம் இதுதான், அவர் பக்கம் அது நியாயமே. இதன் அலகு நிமிடம் அல்ல, நிமிட-வர்க்கம். மனிதருக்குச் சொல்வதற்கு வர்க்கமூலம் எடுத்துத் திட்ட விலக்கமாகச் சொல்லுங்கள். பஸ்காரருக்கு ஏறக்குறைய 15.8 நிமிடம்.

அப்படியானால் வர்க்கத்தை வைத்துக்கொண்டு ஃபிஷர் ஏன் மல்லுக்கட்டினார்? கூட்டல்தான் காரணம். பயணத்தில் மெட்ரோப் பகுதியின் திட்ட விலக்கம் 3 நிமிடம், ஆட்டோப் பகுதியினுடையது 4 நிமிடம் என்று வையுங்கள். மொத்தப் பயணத்தின் திட்ட விலக்கம் 7 அல்ல, 5. ஏனென்றால் கூடுபவை வர்க்கங்கள்: 9ம் 16ம் சேர்ந்து 25, அதன் வர்க்கமூலம் 5. திட்ட விலக்கங்களைக் கூட்டினால் கணக்கு ஒட்டாது, வேரியன்ஸ்களைக் கூட்டலாம். கூட்ட முடிவதால் திருப்பிப் பிரிக்கவும் முடியும்: மொத்த மாறுபாட்டில் இத்தனை சதவீதம் இந்தக் காரணம், இத்தனை சதவீதம் அந்தக் காரணம் என்று. மரபுக்கு எவ்வளவு, சூழலுக்கு எவ்வளவு என்று பிரிக்க ஃபிஷருக்கு அதுதான் தேவைப்பட்டது. 1920களில் ரோதாம்ஸ்டெட் வேளாண் ஆய்வு நிலையத்தில் உரம், ரகம், நிலம் என்று விளைச்சல் மாறுபாட்டைப் பிரிக்க அவர் கட்டிய முறைதான் இன்று ‘அனோவா’ (வேரியன்ஸ் பகுப்பாய்வு) என்ற பெயரில் புள்ளியியல் மென்பொருள்களில் இருக்கிறது. ஒரு நிபந்தனை உண்டு: இரண்டு பகுதிகளும் ஒன்றையொன்று சாராமல் இருக்க வேண்டும். மழை பெய்தால் மெட்ரோவில் கூட்டமும் ஆட்டோவுக்குத் தட்டுப்பாடும் சேர்ந்தே வரும் என்றால், 25 என்ற விடை குறைவான மதிப்பீடு. இரண்டும் எவ்வளவு சேர்ந்தே மாறுகின்றன என்று காட்டும் கோவேரியன்ஸ் என்ற இன்னொரு உறுப்பைச் சேர்க்க வேண்டும். அந்த கோவேரியன்ஸ் மைனஸில் வரலாம் என்பதையும் அடுத்த ரிவ்யூவுக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

நடைமுறையில் தவறு நடக்கும் இடங்கள் சில. ஐந்தால் வகுப்பதா, நான்கால் வகுப்பதா என்பது முதலாவது. இந்த ஐந்து நாள் மட்டுமே உங்கள் உலகம் என்றால் ஐந்து. ஐந்து நாளை வைத்து எல்லா நாளையும் ஊகிக்கிறீர்கள் என்றால் நான்கு. சராசரியையும் அதே ஐந்திலிருந்து எடுத்துவிட்டதால் விலக்கங்களின் கூட்டல் எப்போதும் பூஜ்யம், நான்கு தெரிந்தால் ஐந்தாவது தானே தெரிந்துவிடும். அப்போது பஸ்காரரின் விடை 250 அல்ல, 312.5. எக்ஸெலில் ‘வார் புள்ளி பி’ முதல் வகை, ‘வார் புள்ளி எஸ்’ இரண்டாம் வகை. பைத்தான் நிரல்மொழியில் இது நிஜமான பொறி: அதன் ‘நம்பை’ என்ற நூலகம் சொல்லாமலே ஐந்தால் வகுக்கும், ‘பாண்டாஸ்’ என்ற நூலகம் சொல்லாமலே நான்கால் வகுக்கும். ஒரே டேட்டாவுக்கு இரண்டு பேர் இரண்டு விடை கொண்டுவந்தால் முதலில் இதைப் பாருங்கள். இன்னொன்று, வர்க்கங்களின் சராசரியிலிருந்து சராசரியின் வர்க்கத்தைக் கழிக்கும் குறுக்குவழி. காகிதத்தில் அது சரி. கணினி ஏறக்குறைய 15, 16 இலக்கம்தான் வைத்துக்கொள்ளும் என்பதால், 10 கோடியை ஒட்டிய எண்கள் ஒன்றிரண்டு வித்தியாசத்தில் இருந்தால் விடை நாசமாகும், மைனஸ்கூட வரலாம். 2003க்கு முந்தைய எக்ஸெலிலேயே இந்தக் குறை இருந்தது. சராசரியை முதலில் கழித்துவிட்டு வர்க்கப்படுத்துவதே பாதுகாப்பு. அனோவாவில் காரணங்களின் பங்கை மதிப்பிடும்போதும் சில சமயம் மைனஸ் எண் கிடைக்கும். அது மதிப்பீட்டின் தள்ளாட்டம், உண்மையான வேரியன்ஸ் அல்ல. ஆக ‘வரவே வராது’ என்பது வரையறைக்குப் பொருந்தும், திரையில் தெரியும் எண்ணுக்கு எப்போதும் பொருந்தாது.

அமெரிக்காவில் உறவினர் வீடு கட்டினால் இன்னொரு வேரியன்ஸைக் கேள்விப்படுவீர்கள். 1916இல் நியூயார்க் நகரம் முழு அளவிலான மண்டல விதிகளைக் கொண்டுவந்த பிறகு பரவிய ஏற்பாடு: மனையின் வடிவமோ சரிவோ காரணமாக விதியை அப்படியே கடைப்பிடிக்க முடியாதபோது, கட்டுவதற்கு முன்பே வாரியத்திடம் விண்ணப்பித்து விலக்கு பெறுவது. பக்க இடைவெளி, உயரம் போன்றவற்றுக்கு ஒரு வகை. குடியிருப்பில் கடை போடுவதுபோலப் பயன்பாட்டையே மாற்றுவதற்கு இன்னொரு வகை. பின்னது கிடைப்பது பொதுவாகக் கடினம். பெங்களூரில் ஃப்ளாட் வாங்குகிறவர்கள் கேட்கும் ‘பிளான் டீவியேஷன்’ (அனுமதித்த வரைபடத்திலிருந்து விலகிக் கட்டியது) இதற்கு இணையல்ல. அங்கே அனுமதி முதலில், கட்டடம் பிறகு. இங்கே பேசப்படுவது பெரும்பாலும் கட்டிய பிறகு நடந்த மீறல். கட்டியதை ஒழுங்குபடுத்தக் கர்நாடக அரசு கொண்டுவந்த ‘அக்ரம சக்ரம’ திட்டத்துக்கும் 2017இல் உச்சநீதிமன்றம் தடை விதித்தது. டீவியேஷன் என்று விற்பவர் சொன்னால், “வேரியன்ஸ் வாங்கிக்கலாம்” என்ற அமெரிக்க மச்சானின் யோசனை உதவாது.

‘எதிலிருந்து?’ என்ற கேள்வி பொருந்தாத இடங்களும் உண்டு. வேதியியலில் கிப்ஸின் நிலைமை விதியில் வேரியன்ஸ் என்றால், நிலைமைகளின் (திடம், திரவம், வாயு போன்றவற்றின்) எண்ணிக்கை மாறாமல் எத்தனை அளவுகளை நாம் இஷ்டப்படி மாற்றலாம் என்பது. தண்ணீர் மட்டும் ஒரே நிலையில் இருந்தால் வெப்பம், அழுத்தம் இரண்டையும் மாற்றலாம். பனியும் நீரும் ஆவியும் சேர்ந்திருக்கும் 0.01 டிகிரி செல்சியஸில் எதையும் மாற்ற முடியாது, அங்கே வேரியன்ஸ் பூஜ்யம். மென்பொருள்காரர்களின் வேரியன்ஸ் கணிதத்தின் கோவேரியண்ட், கான்ட்ராவேரியண்ட் என்ற சொற்களிலிருந்து வந்தது: நாய் ஒரு விலங்கு என்றால், நாய்களின் பட்டியலை விலங்குகளின் பட்டியல் கேட்கும் இடத்தில் கொடுக்கலாமா என்ற கேள்வி. ஜாவா நிரல்மொழியில் அந்தப் பட்டியல் ‘அரே’ என்ற வகையாக இருந்தால் கொடுக்கலாம். அதில் யாராவது பூனையைப் போட்டால் கம்பைல் ஆகிவிட்டு, ஓடும்போது வெடிக்கும்.

பக்கத்துச் சொற்களையும் பார்த்துவிடுவோம். டிஸ்க்ரெபன்ஸியின் லத்தீன் மூலத்தில் ஒலி பிசகுவது, சுருதி சேராதது என்ற பொருள் இருக்கிறது. ஒத்திருந்தே ஆக வேண்டிய இரண்டு ஒத்துப்போகாதபோது அதைப் பயன்படுத்துங்கள். குடோனில் எண்ணிய சரக்கும் புத்தகத்தில் உள்ளதும் வேறானால் டிஸ்க்ரெபன்ஸிதான் பொருத்தம், ஆனால் நிறுவனக் கணக்கும் சரக்கும் பார்க்கும் ஈஆர்பி மென்பொருள்கள் அதையும் ஸ்டாக் வேரியன்ஸ் என்றே காட்டுகின்றன. டீவியேஷனில் ‘வியா’ என்பது வழி, வழியிலிருந்து விலகல். டிஸ்பேரிட்டியில் ‘சமம்’ ஒளிந்திருக்கிறது, அதனால் சம்பளம், வசதி போன்றவற்றில் நியாயமற்ற ஏற்றத்தாழ்வுக்கு. வேரியேஷன் என்பது பொதுவாக மாறுதல். கட்டுமான ஒப்பந்தத்தில் மட்டும் ‘வேரியேஷன் ஆர்டர்’ என்றால் வேலையின் அளவையோ தன்மையையோ மாற்றும் எழுத்துமூல உத்தரவு. வேரியண்ட் என்பது ஒன்றின் மாற்று வடிவம், காரிலும் உண்டு, கொரோனாவிலும் உண்டு. பன்மையில் ‘வேரியண்ட்ஸ்’ என்பதும் ‘வேரியன்ஸ்’ என்பதும் காதுக்கு ஒன்றாகவே கேட்கும். ஆன்லைன் மீட்டிங்கின் தானியங்கிக் குறிப்புகள் இதில் அடிக்கடி தடுமாறும், அனுப்புமுன் ஒருமுறை பாருங்கள். சாதாரணப் பேச்சில் இவை எதுவும் வேண்டாம், டிஃபரன்ஸ் போதும். இரண்டு பேர் கருத்து வேறுபட்டதை வேரியன்ஸ் என்று மெயிலில் எழுதினால் கொஞ்சம் கோட்டுப் போட்ட ஆங்கிலமாகத் தெரியும்.

உங்கள் ரிவ்யூ ஸ்லைடுக்கு நான் செய்யச் சொல்வது: அட்டவணையில் அந்த நெடுவரிசையின் தலைப்பில் வெறுமனே வேரியன்ஸ் என்று விடாமல் ‘பட்ஜெட்டிலிருந்து வேரியன்ஸ், ரூபாய் லட்சத்தில்’ என்று எழுதுங்கள், அதன் கீழேயே ‘பிளஸ் என்றால் லாபத்துக்குச் சாதகம்’ என்று ஒரு வரி போட்டு, விற்பனைக்கும் செலவுக்கும் அந்த விதிப்படி குறியை மாற்றிவிடுங்கள். டேட்டா டீம் கொண்டுவரும் எண்ணுக்குத் திட்ட விலக்கத்தைக் கேளுங்கள், எத்தனை மாத டேட்டா என்பதையும் கேளுங்கள். கடந்த பன்னிரண்டு மாத பட்ஜெட் வேரியன்ஸ்களின் திட்ட விலக்கம் 6 லட்சம் என்று அவர் சொன்னால், இந்த மாத மைனஸ் 4 லட்சம் வழக்கமான ஏற்ற இறக்கத்துக்குள்ளேயே இருக்கிறது. அதற்கென்று தனியாக விளக்கம் எழுதி ஒரு சனிக்கிழமையை வீணாக்க வேண்டாம். திட்ட விலக்கம் 1 லட்சம் என்றால் விலை, அளவு என்று பிரித்து உட்காருங்கள்.